எல்லாருடைய ஓடிபியும் என் போனுக்கு

1

என் போனில் இரண்டு சிம் இருக்கின்றன. ஒன்று ஜெர்மனி நம்பர். அதில் வீட்டு ஓனரையும் பல் டாக்டரின் ஆஸ்பத்திரியையும் விட்டால் கூப்பிட ஆளில்லை. மற்றது ஊர் நம்பர். அதிலும் யாரும் பேசுவதில்லை, பேசுவதற்கு வாட்ஸ்அப் இருக்கிறது. ஆனாலும் நாள் முழுக்கச் சத்தம் போடுவது அதுதான். கும்மிடிப்பூண்டியில் அம்மா கேஸ் புக் பண்ணினால், இங்கே உல்ம் நகரத்தில் மலை ஏறுகிற டிராமில் என் சட்டைப் பையில் 'டிங்' என்கிறது. நைனாவின் பி.எஃப்., மணவாள நகர் அத்தையின் ரேஷன் கார்டு, எதிர் வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கரண்ட் பில், எல்லாவற்றுக்கும் ஓடிபி என் போனுக்குத்தான் வரும். அடுத்த நொடியே வாட்ஸ்அப்பில் யாராவது கூப்பிட்டு, "வந்துச்சா?" என்பார்கள். நான் இலக்கங்களைச் சொல்வேன். அங்கே யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு உரக்கத் திருப்பிச் சொல்வார். அதோடு லைன் கட்டாகும். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். ஓடிபி காலாவதி ஆகிவிடுமே.

இது யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். காலேஜ் சேர்ந்தபோது வாங்கிய போன்தான் வீட்டின் முதல் போன். அதற்குப் பிறகு எந்த ஆபீசுக்குப் போனாலும், "மொபைல் நம்பர்?" என்று கேட்டவுடன் அம்மா என் நம்பரை ஒரே மூச்சில் ஒப்பிக்கும். அதற்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது. சொந்த நம்பரைக் கேட்டால் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அதைப் பார்த்து அத்தையும் ஒப்பித்தது, ஸ்டெல்லா அக்காவும் ஒப்பித்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடல் தாண்டி வந்த பிறகும் என்னைக் கேட்காமல் எங்கள் தெருவில் ஒரு சிலிண்டர் நகராது.

2

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து மூன்று வருடம். வந்த புதிதில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம்ம பக்கத்தில் நமக்கு இனிஷியல்தான். இங்கே ஆளுக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் நைனாவின் பெயர் இருந்தது. தங்கும் அனுமதிக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் காத்திருந்தேன். ஓர் அம்மா கதவைத் திறந்து, "ஹெர் டில்லிபாபு" என்று கூப்பிட்டார். ஹெர் என்றால் மிஸ்டர். நானும் மற்றவர்களோடு சேர்ந்து டில்லிபாபு எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். அந்த நாட்டில், அந்த அறையில், இன்னொரு டில்லிபாபு இருக்கிறார் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அவர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளை உள்ளே அழைத்துக்கொண்டார். என் பெயரே அதுதான் என்று எனக்கு உறைத்தபோது கதவு மூடியிருந்தது. அடுத்த தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆனது.

நைனாவிடம் சொன்னேன். அவர் பயந்துவிட்டார். "என்னை எதுக்குடா கூப்டாங்க? நான் இன்னா பண்ணேன்?" விளக்கிச் சொன்ன பிறகு அது அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் வேலை செய்கிறார். அதற்கு முன்னால் பொன்னேரி பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை. எந்த இடத்திலும் யாரும் அவரை 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாரம் ஒரு தடவையாவது கேட்பார்: "இன்னிக்கி ஆபீஸ்ல என்னை நல்லபடியா பேசுனாங்களா?"

3

நான் செய்யும் வேலையை வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. என் தங்கை பவித்ராவுக்கு மட்டும் ஒருமுறை பேசின் பிரிட்ஜை வைத்துச் சொன்னேன்.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்குத் திருவள்ளூர்தான் மாவட்டத் தலைநகர். கலெக்டர் ஆபீஸ் அங்கே. ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னை வரைக்கும் தெற்கே போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு லைனில் ஏறி மறுபடி மேற்கே போக வேண்டும். அந்த பேசின் பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் வண்டி நின்றுவிடும். சிக்னல். எல்லா லைன் வண்டிகளும் அந்த ஓர் இடத்தில் நுழைந்துதான் ஆக வேண்டும். இன்னும் நாலு வண்டி கூடுதலாக விட்டால் சீக்கிரம் போய்விடலாம் என்று பெட்டிக்குள் யாராவது சொல்வார்கள். கூடுதலாக விட்டால் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரிலும் அதே கதை. இப்போது வரும் பெரிய கம்ப்யூட்டர்களில் ஒரு ப்ராசஸர் இல்லை, டஜன் கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெளியே அனுப்ப வேண்டிய தகவலைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு நிற்கும். பாக்கெட் என்பது அதைத்தான். எல்லாப் பாக்கெட்டும் ஒரே வரிசை வழியாக நெட்வொர்க்குக்குப் போக வேண்டும். அந்த வரிசைக்கு ஒரு பூட்டு. சாவி யார் கையில் இருக்கிறதோ அந்த ப்ராசஸர் மட்டும்தான் தன் பாக்கெட்டைப் போடலாம். மற்றவை சும்மா தூங்கிக்கொண்டு காத்திருந்தாலும் பரவாயில்லை. "காலியா, காலியா" என்று கேட்டுக்கொண்டே நிற்கும். அந்தக் கேள்விகளே உள்ளே ஒரு நெரிசல். அதனால் ப்ராசஸரைக் கூட்டக் கூட்ட, அனுப்பும் வேகம் கூடாமல் ஒரு கட்டத்துக்குமேல் குறைய ஆரம்பிக்கும். விலை கொடுத்து வாங்கிய ப்ராசஸர்களில் பாதி, சாவி கேட்பதையே வேலையாக வைத்திருக்கும்.

பவி பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ ஆளாளுக்கு ஒரு லைன் போட்டுட வேண்டிதானே?"

"அதத்தான் பண்றேன்."

"இதுக்கா உன்ன பிளைட் வெச்சி கூப்டுகினு போனாங்க?"

4

ஆளாளுக்கு ஒரு லைன் போட்டதும் உண்மை. இப்போதைய நெட்வொர்க் கார்டுகளிலேயே பல வரிசைகள் இருக்கின்றன. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பழைய பகுதிதான் எல்லாவற்றையும் ஒரே வாசலில் நிற்க வைத்துக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனி வரிசை கொடுத்தேன். பாக்கெட் போய்ச் சேர்ந்த பிறகு அது இருந்த இடத்தைச் சுத்தம் செய்யும் வேலையையும், அனுப்பிய ப்ராசஸர் தலையிலேயே கட்டினேன். பந்தியில் சாப்பிட்டவரே இலையை எடுக்கிற மாதிரி. வேகம் ஏறியது. வரைபடத்தில் கோடு மேலே போகிற படத்தை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அது என்ன என்று தெரியாமலே எல்லாரும் கை தட்டினார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும், "தம்பி, அப்டியே கரண்ட் பில்லு ஓடிபி" என்று எழுதியிருந்தார்.

என் குழுத் தலைவர் பெயர் ஹைக்கே. அம்மா வயது இருக்கும். குளிரிலும் சைக்கிளில்தான் மலை ஏறி வருவார். அவர் வரைபடக் கோட்டைப் பார்த்துவிட்டு, மறுமுனையில் வந்து சேர்ந்த பாக்கெட்டுகளைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஒரே வீடியோவின் பாக்கெட்டுகள் முன்னும் பின்னுமாக வந்திருந்தன.

காரணம் இதுதான். ஒரு ப்ரோகிராம் ஒரே ப்ராசஸரில் உட்கார்ந்திருக்காது. வேலைப் பளுவைப் பார்த்து ஆபரேட்டிங் சிஸ்டம் அதை வேறு ப்ராசஸருக்கு மாற்றும். மாறிய உடனே அது புது லைனில் பாக்கெட் போட ஆரம்பிக்கும். பழைய லைனில் அதன் முந்தைய பாக்கெட்டுகள் இன்னும் நின்றுகொண்டிருக்கும். பின்னால் வந்தது முன்னால் போய்விடும். மறுமுனையில் இருப்பவர், நடுவில் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பச் சொல்வார். தேவையில்லாமல் எல்லாம் இரண்டாவது தடவை.

"வேகமாகப் போகிறது. ஆனால் முறையாகப் போகவில்லை" என்றார் ஹைக்கே. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பழக்கமாக இருந்திருக்கும்.

இதற்குத் தீர்வு சொல்ல எளிது. ஒரு ப்ரோகிராமின் பழைய பாக்கெட்டுகள் பழைய லைனில் மிச்சம் இருக்கும்வரை, அது புது லைனுக்கு மாறக் கூடாது. கடைசிப் பாக்கெட்டும் வெளியேறிய பிறகு மாறிக்கொள்ளலாம். ஒரு வரியில் சொல்லிவிட்டேன். எழுதி முடிப்பதற்குள் பனிக்காலம் போய், ஜன்னலுக்கு வெளியே செர்ரி மரம் பூத்து உதிர்ந்துவிட்டது.

5

அந்தக் கோடையில்தான் பவி பிளஸ் டூ முடித்து இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்குப் பதிவு செய்தாள். இ-சேவை மையத்தில் அம்மா வழக்கம்போல என் நம்பரை ஒப்பித்துவிட்டது. அதற்குள் பவியிடமும் ஒரு போன் இருந்தது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

எங்கள் ஊரில் வீட்டின் முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீசில் சான்றிதழ் கொடுப்பார்கள். அதை வைத்தால் காலேஜ் கட்டணத்தில் சலுகை உண்டு. வீட்டுக்கு ஒருவருக்குத்தான். எங்கள் வீட்டுக்கானதை நான் வாங்கிவிட்டேன். பவி அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

"மொத பட்டதாரி நீ எடுத்துக்கினே. ரெண்டாவது பட்டதாரிக்கு இன்னா குடுப்பாங்கன்னு கேட்டேன். ஒண்ணியும் இல்லியாம், சேர்ல உக்காரக்கூட சொல்லல."

காலேஜ்களையும் பாடங்களையும் எந்த வரிசையில் கேட்பது என்பதை நான்தான் இங்கிருந்து எழுதிக் கொடுத்தேன். மேலே எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ். அவள் இடையில் எலக்ட்ரிகல் என்று ஏதோ சொன்னாள். கடைசிப் பக்கம் அதற்கும் ஓர் இடம் கொடுத்தேன். பதிவில் இருக்கும் நம்பரைத் தன் நம்பராக மாற்றிவிடலாமா என்றும் கேட்டாள். நடுவில் மாற்றினால் குழப்பமாகிவிடும், கலந்தாய்வு முடியட்டும், எதுவும் பாதியில் நிற்காதபோது மாற்றிக்கொள்ளலாம் என்றேன். பனிக்காலம் முழுக்க நான் எழுதிக்கொண்டிருந்த புத்தி, வேறு எப்படிப் பேசுவேன்.

இட ஒதுக்கீடு வந்தது. கிடைத்தது எலக்ட்ரிகல். இதையே ஏற்றுக்கொள்ளலாம். அல்லது, இது கையில் இருக்கட்டும், அடுத்த சுற்றில் மேலே இருப்பது கிடைத்தால் மாறிக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம். ஆனால் எதைச் சொல்வதென்றாலும் மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இடம் போய்விடும். உறுதி செய்ய ஓடிபி வேண்டும். மேலே இருப்பதற்கே காத்திருப்போம் என்று சொல்லிவிட்டேன். அவள் "ம்" என்றாள்.

6

நம்ம ஊர் ஐந்து மணி என்றால் இங்கே மதியம் ஒன்றரை. கெடு முடியும் அன்று காலையில்தான் என் திருத்தத்துக்குக் கடைசிச் சோதனை. சோதனை அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாடிக்கையாளர் ஒருவரின் இன்னும் விற்பனைக்கு வராத கருவி அங்கே இருக்கிறது. போனை வெளியே லாக்கரில் வைத்துவிட வேண்டும். பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிடும், வெளியே வந்தவுடன் கூப்பிடுகிறேன், அதுவரை பட்டனைத் தொடாதே என்று பவிக்கு எழுதிவிட்டு உள்ளே போனேன்.

முதல் சோதனை கெட்டுப் போனது. என் கோளாறு இல்லை. கம்ப்யூட்டரில் தானாக ஓடும் இன்னொரு ப்ரோகிராம், நான் ப்ராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுத்த வேலைகளைத் தன் இஷ்டத்துக்குக் கலைத்துக்கொண்டே இருந்தது. அதைக் கண்டுபிடித்து நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி ஓட்டினோம். இந்தத் தடவை பாக்கெட்டுகள் எல்லா லைனிலும் நிரம்பிப் போயின. மறுமுனையில் ஒன்றுகூட முறை தவறவில்லை. முறை தவறியவற்றைக் காட்டும் கோடு திரையில் பூஜ்யத்திலிருந்து நகரவில்லை, ஹைக்கே அதை விரலால் தடவிப் பார்த்தார். நானும் வேறு எதையும் நினைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டு ஆகப் போகிறது.

லாக்கரைத் திறந்தால் போன் முழுக்க ஓடிபி. அதற்குக் கீழே பவியின் அழைப்புகள். பிறகு ஒன்றுமில்லை. அவளைக் கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். அம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நைனாவை இந்த நேரத்தில் பிடிக்க முடியாது. அவருடைய ஆலையிலும் போனைக் கேட்டில் செக்யூரிட்டியிடம் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதை நினைத்தபோது அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பனும் பிள்ளையும் போனைப் பெட்டியில் போட்டுவிட்டு இரும்போடு நிற்கிறோம்.

என் முகத்தைப் பார்த்து ஹைக்கே என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"உன் தங்கையிடம் போன் இல்லையா?"

இருக்கிறது என்றேன்.

"பிறகு ஏன் உன் நம்பருக்கு வருகிறது?"

அம்மா, கேஸ், அத்தை, ரேஷன் கார்டு, ஸ்டெல்லா அக்கா எல்லாவற்றையும் என் ஜெர்மனில் விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். எல்லாவற்றையும் ஒரே வாசலில் நிற்க வைக்கும் அந்தப் பழைய பகுதியைப் பார்க்கும்போது அவருக்கு வரும் அதே முகம். தன் தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என்னோடு உட்கார்ந்துகொண்டார்.

பவிக்கு இந்த வருடம் போய்விட்டது என்றே நினைத்தேன். மெயில் எழுதினால் கேட்பார்களா, நேரில் யாரைப் பார்க்கச் சொல்வது என்று ஓடிக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள். பின்னால் வண்டிச் சத்தம், யாரோ டீ சொல்லும் சத்தம்.

"அண்ணா, முடிஞ்சிச்சி. பொன்னேரில கீறோம், நானும் அம்மாவும். இப்போதான் பப்ஸ் துன்றோம்."

எது முடிந்தது என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவளே சொன்னாள். காலையில் சும்மா ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்த்திருக்கிறாள். ஓடிபி இங்கே லாக்கரில் வந்து விழுந்தது. இன்னும் சில தடவை முயன்று, என்னையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இது ஆகாது என்று அம்மாவை அது வேலை பார்க்கும் கம்பெனிக்கு லீவு போட வைத்து, ரயில் ஏறிப் பொன்னேரிப் பக்கம் இருக்கும் உதவி மையத்துக்குப் போயிருக்கிறாள். ஆதாரைக் காட்டி, நம்பரைத் தன் நம்பராக மாற்றச் சொல்லியிருக்கிறாள். மாற்றிவிட்டார்கள். ஒன்றும் குழம்பவில்லை.

"போன ஏன் ஆஃப் பண்ணே? உயிரே போயிடுச்சி எனக்கு."

"சார்ஜ் கம்மியா இருந்திச்சி. ஓடிபி வர்றதுக்குன்னு வெச்சிக்கினேன். நீ வேற போன் பண்ணிக்கினே இருப்பேன்னு தெரியும்."

அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதாகத்தானே போட்டாய் என்று கேட்டேன். அந்தப் பக்கம் பப்ஸ் மெல்லும் சத்தம் நின்றது.

"இல்ல. இதுவே போதும்னு போட்டுட்டேன்."

"எலக்ட்ரிகலா?"

"உன்னாண்ட ரெண்டு வாட்டி சொன்னேன். பாக்கலாம்னே. நீ பாக்கலாம்னா இல்லன்னு அர்த்தம். எனக்கு மோட்டாருதான் புடிச்சிருக்குது அண்ணா. உன்ன மாதிரி கண்ணுக்குத் தெரியாததுலாம் எனக்கு வேணாம்."

மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றாள். கேட்கும்போதே எனக்கும் தெரியும். கோபப்படலாம் என்று நினைத்தேன். அதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா போனை வாங்கி, நான் சாப்பிட்டேனா என்று கேட்டது. ஓடிபி கேட்காமல், நேரே சாப்பாட்டைக் கேட்டது. இல்லை என்றேன். "மொதல்ல போய் துன்னு" என்றது.

ஹைக்கேவுக்கு அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் எழுந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தன் சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

7

நைனா ஷிப்ட் முடிந்து, கேட்டில் போனை வாங்கியவுடன் கூப்பிட்டார். பவி அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜை அதற்குள் கேட்டிருந்தார். கம்பெனி பஸ் உறுமிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"இன்னாடா, எலக்ட்ரிகலாமே?"

"ஆமா நைனா."

"நல்ல படிப்பா அது?"

கொஞ்சம் யோசித்தேன். "நல்ல படிப்புதான்" என்றேன். சொன்ன பிறகு அது உண்மை என்றும் பட்டது.

அவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். யாரையோ தள்ளி உட்காரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலடா அது."

கோபமா, வருத்தமா என்று அந்தச் சத்தத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

"உன்னாண்டயாவது கேட்டுச்சா?"

"இல்ல நைனா. என்னியும் கேக்கல."

பஸ் கிளம்பிவிட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார், ஆனால் கட் பண்ணவில்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எம் பொண்ணு. இன்ஜினீரிங் சேந்துட்டுது. என்னியும் கேக்கல, ஜெர்மனில கீறவனையும் கேக்கல. அதுவே போயி போட்டுக்கினு வந்துட்டுதுபா."